இடஞ்சுட்டிப் பொருள் விளக்கம்: மதுரை நகர் இலக்கியமும் தேர்வுப் பயிற்சியும்

தமிழ்த் தேர்வு எழுதியோர் யாவரும் அறிந்த வினாவகை ஒன்று உண்டு. ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்பது அது. பாடப்பகுதியினின்று ஓரடியையோ ஈரடியையோ எடுத்துத் தருவர். அவ்வடி எந்நூலில், எப்பகுதியில், யாரால், எச்சூழலில் கூறப்பட்டது என்பதனை மாணவர் முதற்கண் எழுதுதல் வேண்டும். அதன் பின்னரே பொருள் விளக்கம். ஈண்டு ‘இடம்’ என்றது நூலிடத்தை. நிலத்திடம் பற்றி எவரும் வினவுவதில்லை. ஏனைய இலக்கியங்களுக்கு இவ்வரையறை பெருங்குறையாகாது. ஆயின் ஒரு நகரையே பொருளாகக் கொண்ட பாட்டினை, அந்நகரிலேயே வாழும் மாணவர் தேர்வுக்குப் பயிலும்போது, நூலிடமும் நிலத்திடமும் இவ்வாறு பிரிந்து நிற்றல் எங்ஙனம் நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது. அதனை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. மதுரைக் கல்லூரி ஒன்றில் நகர் இலக்கியம் என்னும் தாளினை யான் கற்பித்து வந்தேன். மதுரைக்காஞ்சியின் நகர்ப்பகுதியும், சிலப்பதிகார மதுரைக் காண்டத்துள் சில காதைகளும், பரிபாடலின் வையைப் பாடல்கள் சிலவும் அத்தாளில் இடம்பெற்றன. இடைப்பருவத் தேர்வுக்கு முந்திய வாரம், கோச்சடையிலிருந்து நாடோறும் வந்து பயிலும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் என்னை அணுகி, ‘ஐயா, கோவலனும் கண்ணகியும் ஆற்றைக் கடந்து தென்கரை சேர்ந்தார்கள் என்று பாடத்தில் வருகிறது. எங்கள் ஊரும் தென்கரையில்தான் இருக்கிறது. அவர்கள் எங்கள் ஊர்ப்பக்கமாக வந்திருப்பார்களா?’ என்று கேட்டார். ‘இவ்வினா தேர்வில் வராது’ என்று கூறி அவரை அனுப்பிவிட எனக்கு நா எழுந்தது. அவ்வாறு கூறாமைக்குக் காரணம், எனக்கும் விடை தெரியாதிருந்தமையே. மறுவாரம் கூறுவதாகச் சொல்லி நூலகத்திற்குச் சென்றேன்.

கோச்சடை, மதுரைப் பழநகருக்கு மேற்கே வையையின் தென்கரையை அடுத்து, மேலக்கால் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். ஐயனாரும் முத்தையா சுவாமியும் எழுந்தருளிய கோயிலால் சுற்றுவட்டாரத்தார் அதனை நன்கறிவர். வயலும் தோப்புமாய் இருந்த அந்நிலம் இற்றைக்கு மாநகராட்சியின் அகத்தே வீடுகள் செறிந்த பகுதியாகிவிட்டது. ஊர்ப்பெயர், எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவனும் வேள்விக்குடிச் செப்பேட்டிற் புகழப்படுபவனுமாகிய கோச்சடையன் இரணதீரன் என்னும் பாண்டிய வேந்தனை நினைவூட்டுகின்றது. ஒலியொப்புமை ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊரினை வேந்தனோடு பிணித்துவிடுதல் ஆராய்ச்சி நெறியன்று. எனினும் மேற்றிசையிலுள்ள இவ்வூர்கள் பண்டை மதுரையின் வரலாற்றுக்குப் புறம்பானவை என்று கருதிவிடுதலும் பொருந்தாது. கோச்சடைக்குத் தெற்கே சிறிது தொலைவில் மாடக்குளம் என்னும் பேரேரி உள்ளது. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுக்கள் மதுரையையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று வழங்குகின்றன. கோயிலையோ கோட்டையையோ கொண்டு குறிக்காது, மேற்கிலிருந்த ஏரி ஒன்றனைக் கொண்டு தலைநகரைச் சுட்டிய அவ்வழக்கு, நகர் இலக்கியம் பயில்வோர் மறத்தற்குரியதன்று. ஏரியின் கீழ்ப்பாய்ச்சலில் அமைந்த ஊர் என்பதே எழுத்தர்க்கு நகரின் முதல் அடையாளமாயிற்று.

இனி, தேர்வின் வரலாற்றைக் காண்போம். மதுரைக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இறையனார் களவியலுரை கூறும் முச்சங்க வரலாற்றின் இறுதியில் வருவது ஓர் உரைத்தேர்வே ஆகும். களவியல் நூலுக்கு உரை கண்டோர் பலர். அவ்வுரைகளுள் மெய்யுரை எது எனத் துணிதற்கு ஊமைச் சிறுவனாகிய உருத்திரசன்மனை இருத்தி ஒவ்வோருரையாகப் படித்துக்காட்ட, நக்கீரனார் உரை கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது அவ்வரலாறு. இதனை நிகழ்ச்சியாகக் கொள்ளாது கதையாகவே கொள்ளினும், அக்காலத்தார் தேர்வு என்பதனை எவ்வாறு கருதினர் என்பது இதனால் விளங்கும். தேறவேண்டியவர் உரை கூறுவோர். தேர்பவனோ வாய் பேசாதவன். மதிப்பெண் வழங்கியது மெய்ப்பாடு. இக்கால வினாத்தாள் அமைப்போர்க்கு இது நகைப்பை விளைக்கலாம்.

அச்சு நூல்கள் பெருகுமுன், நகரைப் பற்றிய பாட்டுக்களை மாணவர் பயின்ற முறை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோரிடம் பாடங்கேட்டவர், தலபுராணங்களின் வாயிலாகவே நகர் வருணனையை அறிந்தனர். திருநாட்டுப் படலம், திருநகரப் படலம் என்று தொடங்கும் அப்புராணங்கள் குறிப்பிட்ட ஊர்களுக்கென்றே இயற்றப்பட்டவை. பல அவ்வூர்க் கோயில்களிலேயே அரங்கேற்றப்பட்டவை. வருணனையில் மிகையும் மரபுவழி வந்த ஒரேபடித்தான உவமையும் மலிந்திருந்தன என்பது உண்மையே. எழுநிலை மாடமும் மதியைத் தடவும் கொடியும் இல்லாத ஊர் அப்புராணங்களில் இல்லை. ஆயினும் கேட்பவர் அவ்வூரில் அமர்ந்து கேட்டனர். எந்தத் தீர்த்தம், எந்த வீதி என்று ஆசிரியர் கைந்நீட்டிக் காட்டக் கூடிய நிலை இருந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை மதுரையில் கேட்டவர்க்கு நூலிடமும் நிலத்திடமும் ஒன்றாகவே இருந்தன.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் நிலைமை மாறிற்று. பல மாவட்டங்களிலுள்ள கல்லூரிகளின் மாணவர் அனைவரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுத வேண்டியவராயினர். ஆகவே பாடம் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். அச்சிட்ட நூலாகவும் இருத்தல் வேண்டும். ஒரு பருவத்துள் முடிக்கத்தக்க அளவினதாயிருத்தலும் வேண்டும். பெருநூல் ஒன்றனை முழுமையும் பாடமாக வைத்தல் இயலாமையின், தொடக்கப்பகுதியை வெட்டியெடுத்து வைப்பது வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தின் விளைவு ஒன்றனை இதுகாறும் நாம் போதிய அளவு கருதவில்லை என்பது என் துணிபு. தமிழ்ப் பெருங்காப்பியங்களின் தொடக்கத்தில் இருப்பது நாடும் நகரும் ஆகும். ஆகவே தொடக்கப்பகுதியைப் பாடமாக வைத்தோர், அறிந்தோ அறியாமலோ, நகர் இலக்கியத்தையே பாடமாக வைத்தனர். 1868இல் பவர் என்னும் பாதிரியார் சீவகசிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை மட்டும் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அதில் முன் நிற்பது ஏமாங்கத நாட்டு வளமும் இராசமாபுரத்து நகர்வளமுமே. சிலப்பதிகாரத்திலிருந்து பட்டப்படிப்புக்கு வந்ததோ புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் விரித்துரைக்கும் இந்திரவிழவூரெடுத்த காதை.

அக்காதையைக் கற்பிக்க நேர்ந்த ஆசிரியரின் நிலையை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். கும்பகோணம் கல்லூரியில் அப்போது தமிழாசிரியராயிருந்தவர் தியாகராச செட்டியார், மகாவித்துவானின் மாணாக்கர், இலக்கணத்தில் ஒப்பற்ற புலமை உடையவர். அத்தகையவரே அப்பகுதிக்குப் பொருள் காணமாட்டாது பெரிதும் இடர்ப்பட்டார். இதனை அவர்தம் புலமைக் குறைவாகக் கருதுவார் தவறுவர். செட்டியார் பயின்ற தலபுராண நகரங்களில், கூலங் குவித்த மறுகும், பட்டினும் மயிரினும் பருத்தியினும் நுண்வினை செய்யும் காருகர் இருக்கையும், பல தேயத்து வணிகர் கலந்துறையும் கடற்கரைப் பாக்கமும் இல்லை. சொற்கள் வழக்கிறந்தன; அச்சொற்கள் குறித்த தொழில்கள் மாறின; தொழில்கள் நிகழ்ந்த தெருக்களோ மண்ணுள்ளும் கடலுள்ளும் மறைந்தன. திருத்தமான ஏடும் உரையும் கைக்கு எட்டாத நிலையில், பாட்டின் நகரைக் காண்பதற்கு அவர்க்கு ஒரு வாயிலும் இருந்திலது. 1880இல் செட்டியார் விலக, அவ்விடத்திற்குச் சாமிநாதையர் வந்தார். பின்னர் 1887இல் சிந்தாமணியும், 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும் அவர் முயற்சியால் முழுமையாக வெளிவந்த வரலாறு யாவரும் அறிந்ததே. கல்லூரி வகுப்பறையில் நாடோறும் மாணவர் முன் நின்ற ஆசிரியர் ஒருவரே இப்பதிப்புக்களைச் செய்தார் என்பதும் கருதத்தக்கது. நகர் இலக்கியம் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தமைக்குப் புலமை வேட்கையே முதற்காரணம். தேர்வுப் பாடத்தின் நெருக்கடியும் அதற்கொரு துணைக்காரணமாயிற்று. தேர்வினைப் பழிப்போர் இந்நன்றியை மறத்தல் கூடாது.

பத்துப்பாட்டு அச்சேறியதும் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கல்லூரி மாணவர் கைக்கு எட்டின. 782 அடிகளால் இயன்ற மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டுள் மிக நெடியது. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை கூற எடுத்துக்கொண்ட பாட்டில், மதுரை நகரத்தை ஒரு பகலும் ஓரிரவுமாகக் காட்டுகின்றார். நாளங்காடியின் ஆரவாரம், அந்தி விழா, அல்லங்காடி, கடைகள் அடைபடும் முதற்சாமம், கள்வரும் அவரை ஒற்றும் ஊர்காவலரும் திரியும் நள்ளிரவு, பின்னர் வைகறை என அப்பாட்டு காலத்தால் நடக்கின்றது. இதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியரை மதுரையாசிரியர் என்றே உரைப்பாயிரம் கூறும். அவர்தம் உரைமுறை ஈண்டு நமக்கு இன்றியமையாதது. அகன்று கிடக்கும் அடிகளிலுள்ள சொற்களை ஒன்றோடொன்று கொண்டுபோய் மாட்டிப் பொருள் உரைப்பது அவர் இயல்பு. முந்நூறாம் அடியை ஐந்நூறாம் அடியோடு இணைக்க அவர் தயங்குவதில்லை.

இம்முறையைக் கடிந்தவர் மறைமலையடிகள். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அடிகள், 1903இல் முல்லைப்பாட்டுக்கும் 1906இல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். புலவன் சென்ற நெறியிலேயே பாட்டின் ஒழுக்கு அமைந்திருக்க, அதனைச் சிதைத்து மாட்டுதல் பொருந்தாது என்பது அவர் கொள்கை. இவையும் வகுப்பறையில் மாணவர்க்குப் பாடஞ்சொல்லும் சூழலில் எழுந்த உரைகளே. பாட்டை அதன் போக்கிலே விடாது வெட்டியொட்டும் உரை மாணவர் உள்ளத்தில் பாட்டின் இன்பத்தைக் கெடுக்கும் என்று அவர் கருதியது முற்றும் பொருத்தமே. ஆயினும் மாட்டு என்னும் உத்தியில் ஒரு நற்பயன் உண்டு. நூலின் ஒரு மூலையில் உள்ள செய்தி, மற்றொரு மூலையில் உள்ள செய்திக்கு விளக்கமாகும் என்னும் எண்ணத்தை அது மாணவர்க்கு ஊட்டும். இப்பயனைப் பின்னர்க் காண்போம்.

பல்கலைக்கழகத் தேர்வுக்குப் புறம்பே, மதுரையிலேயே ஒரு தேர்வுமுறை தோன்றியது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம், செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, ‘செந்தமிழ்’ இதழ் ஆகியவற்றோடு, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று தேர்வுகளையும் நடத்தியது. இத்தேர்வுகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டுவதில்லை. கல்லூரியிற் பயிலவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. தஞ்சையை அடுத்த நடுக்காவேரி ந. மு. வேங்கடசாமி நாட்டார், வேளாண்மைக் குடியிற் பிறந்து, பெரும்பாலும் தாமே பயின்று, 1905, 1906, 1907 ஆகிய மூன்று ஆண்டுகளில் முறையே மூன்று தேர்வுகளிலும் தேறினார். அவர்தாமே பின்னாளில் சிலப்பதிகாரம் முழுமைக்கும் உரை எழுதினார். தமிழ்நாட்டு மாணவர் பலர் இன்றும் தேர்வுக்குப் படிக்கும் உரை, தேர்வுக்குத் தனியே படித்துத் தேறிய ஒருவர் எழுதியது என்பதனை எண்ணும்தோறும் எனக்கு உவகை மிகும். கையேடு என்று இக்காலத்தார் கூறும் குறிப்பு நூல்கள் அவர்க்கு இல்லை. நூல் முழுவதனையும் படித்தாலன்றித் தேறமுடியாத நிலை அன்று இருந்தது.

இக்கால நிலையைச் சுருங்கக் கூறுவேன். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1978இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றமையால், பாடத்திட்டம் வகுத்தலும் வினாத்தாள் அமைத்தலும் கல்லூரி ஆசிரியர் கைக்கே வந்தன. பருவமுறை பரவியது, ஆண்டுக்கு ஒரு தேர்வு என்பது போய், ஒரு பருவத்திற்குள்ளேயே இடைத்தேர்வுகள் நடைபெறலாயின. ஒரு தாளின் பாடம் ஐந்து அலகுகளாகப் பகுக்கப்படும். முதல் இடைத்தேர்வுக்கு முதலிரண்டு அலகுகள், அடுத்த தேர்வுக்கு அடுத்தவை என்றவாறு மாணவர் பயில்வர். இதனால் விளைந்த நன்மைகள் பல. சிறு அளவாகப் பயிலுதலால் மாணவர் அச்சம் நீங்கியது. ஆசிரியர்க்கும் மாணவரின் தளர்ச்சியை உடனே காணுதல் கூடிற்று. ஆயின் காப்பியத்தை அலகுகளாக நறுக்கும்போது எது எதனோடு ஒட்டிக்கிடந்தது என்பது மறைந்துபோகும். யான் கற்பித்த தாளில், புறஞ்சேரி இறுத்த காதையும் ஊர்காண் காதையும் இரண்டாம் அலகு. கட்டுரை காதையோ நான்காம் அலகு. மதுரைக் காண்டத்தின் பதின்மூன்று காதைகளுள் இவை மூன்றாவதும் நான்காவதும் இறுதியதும் ஆகும். கோச்சடை மாணவர் கேட்ட வினாவின் விடை இப்பிளவினுள்ளேதான் விழுந்து கிடந்தது.

புறஞ்சேரி இறுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வடகரையிலிருந்து மரத்தாலான புணையில் வையையைக் கடந்து, மலர்ப்பொழில் சூழ்ந்த தென்கரையை அடைகின்றனர். அடைந்ததும் அவர்கள் நேரே வாயிலுக்குச் செல்லவில்லை. தேவர் உறையும் நகராதலின் மதுரையை வலங்கொண்டு செல்லுதல் தக்கது என எண்ணி, காவற்காடு சூழ்ந்த அகழியின் ஓரமாய்ச் சுற்றிப் போகின்றனர். கையேடுகள் இச்செய்தியை நகரின் தெய்வத்தன்மைக்குச் சான்றாக ஒரு வரியில் கூறி முடித்துவிடுகின்றன. ஆயின் வலங்கொள்ளுதல் என்பது திசையை உணர்த்தும் சொல் அன்றோ? ஆறு நகரின் வடபால் ஓடுகின்றது. ஆற்றிற்கும் மதிலுக்கும் இடையே நிற்பவர் நகரைத் தம் வலப்பக்கத்தே கொண்டு செல்லவேண்டின் கிழக்கு நோக்கியே நடத்தல் வேண்டும். எனவே அம்மூவரும் நகரின் கீழ்புறமாகச் சென்றனர் என்பது பெறப்படும்.

இவ்வனுமானம் சரியா என்பதனை அறிதற்கு இரண்டாம் அலகில் வழியில்லை. நான்காம் அலகில் உள்ளது. கட்டுரை காதையின் இறுதிப்பகுதியில், மதுரையை எரியூட்டிய கண்ணகி நகரைவிட்டு நீங்கும்போது, கணவனோடு கீழ்வாயில் வழியே புகுந்த யான் மேல்வாயில் வழியே தனியளாய்ப் போகின்றேன் என்னும் கருத்துப்பட வாய்விட்டுக் கூறுகின்றாள். இதனால் வலங்கொண்ட நடை கிழக்கு நோக்கியது என்பது உறுதியாகின்றது. இளங்கோவடிகள் பதின்மூன்றாம் காதையில் மறைத்து வைத்த திசையை இருபத்து மூன்றாம் காதையில் வெளிப்படக் கூறியுள்ளார். பத்துக் காதைகளுக்கு முன் தொடங்கிய ஒரு சுற்று ஈண்டு நிறைவு பெறுகின்றது. இடையில் நிகழ்ந்தவை சிலம்பு விற்கச் சென்றதும், கோவலன் வெட்டுண்டதும், வேந்தன் துஞ்சியதும், ஊர் எரிந்ததும் ஆகும். இருவராகப் புகுந்த வாயிலையும் ஒருத்தியாக நீங்கிய வாயிலையும் சேர்த்து நோக்கும்போது தோன்றும் அவலம், இரண்டாம் அலகை மட்டும் படித்தவர்க்கும் நான்காம் அலகை மட்டும் படித்தவர்க்கும் தோன்றாது. நச்சினார்க்கினியர் போன்ற ஒருவர் இவ்விரு காதைகளையும் மாட்டியிருப்பின், அடிகளார் அதனைக் கடிந்திருக்க மாட்டார் என்றே எண்ணுகின்றேன்.

மேல்வாயிலைக் கடந்த கண்ணகி எவ்வழிச் சென்றாள்? வையையின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு, பள்ளம் என்றும் மேடு என்றும் பாராது நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறினாள் என்பது நூற்செய்தி. எக்கரை என்பதனை அடிகள் கூறிற்றிலர். ஆயின் நகரம் தென்கரையில் உள்ளது, மேல்வாயிலும் தென்கரையதே, மீண்டும் ஆறு கடந்தாள் என்ற குறிப்பும் இல்லை. ஆகவே தென்கரை வழியே மேற்கு நோக்கி ஆற்றின் எதிராக நடந்தாள் எனக் கொள்ளுதலே நேரிய பொருளாகும். இக்காலக் கோச்சடை நிலம் அவ்வழியில் உள்ளது. எனவே மாணவரின் வினாவுக்கு விடை இதுவாயிற்று: கோவலனும் கண்ணகியும் சேர்ந்து அப்பக்கம் வந்திலர், கண்ணகி ஒருத்தியே, எல்லாம் முடிந்தபின், அப்பக்கமாகப் போயினாள்.

இவ்வாறு நூலைக் கையிற்கொண்டு நிலத்தில் நடந்து ஆராய்தல் புதுமையன்று. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைக் காலால் நடந்து ஆராய்ந்து, 1963இல், இன்றைய தேனி மாவட்டத்துக் கூடலூரை அடுத்த மலைமேல், தமிழ்நாடும் கேரளமும் எல்லைகொள்ளும் இடத்திலுள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என நிறுவ முற்பட்டார். நெடுவேள் குன்றம் திருச்செங்கோடே என்று கொள்வாரும் உளர். வையைக் கரையையே பற்றிச் சென்றாள் என்னும் நூற்செய்திக்கு முன்னையதே பெரிதும் பொருந்துவது. அவர் முடிபை ஏற்பினும் ஏலாவிடினும், சிலப்பதிகாரத்துள் வழி என்பது உவமை அலங்காரம் அன்று, நடந்து அளக்கத்தக்க செய்தி என்பதனை அவர் நடை மெய்ப்பித்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நிலத்திடத்தை நோக்குக என்றவுடன், மாணவர் பலர் இன்றுள்ள மதுரைத் தெருக்களை நூலின் தெருக்களாகவே எழுதிவிடுகின்றனர். ஊர்காண் காதையில் கோவலன், யானைத்திரள் செல்லும் சுருங்கை வீதியைக் கடந்து, யவனர் காக்கும் வாயிலில் புகுந்து, மணி வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என்பனவற்றைக் காண்கின்றான். இவற்றை ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் வைத்து எழுதிய விடைத்தாள்களை யான் திருத்தியுள்ளேன். கோயிலைச் சூழ்ந்து சதுரஞ் சதுரமாக அமைந்த இவ்வீதிகள் நாயக்கர் காலத்து அமைப்பின் பயன். அவற்றுக்குப் புறத்தேயுள்ள வெளி வீதிகளோ இன்னும் பிற்பட்டவை. ஆட்சித்தலைவராயிருந்த பிளாக்பர்ன் என்பார் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை அவை. அப்பணியில் ஈடுபட்ட மாரட் என்பார் பெயராலும் பெருமாள் மேஸ்திரி பெயராலும் வழங்கும் தெருக்கள் இன்றும் உள்ளன. ஆகவே இன்றைய மேற்கு வெளி வீதியில் நின்றுகொண்டு, கண்ணகி நீங்கிய வாயில் இதுவே என்று கூறுவது வரலாறு ஆகாது.

அன்றியும் சங்ககால மதுரை இன்றைய கோயில் நிற்கும் இடத்திலேயே இருந்ததா என்னும் வினாவும் உண்டு. பழங்காநத்தத்தை அடுத்த கோவலன் பொட்டலில் தமிழ்நாட்டரசு தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்துள்ளனர். மதுரைக்குத் தென்கிழக்கே, வையையின் தென்பாலுள்ள கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வுகள், செங்கற் கட்டடங்களும் நீர் செல்லும் அமைப்புக்களும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் நிறைந்த பழங்குடியிருப்பு ஒன்றனை வெளிப்படுத்தின. அதுவே பழைய மதுரை என்று ஒருசாரார் உரைத்தனர். இவ்விவாதத்தில் புக இக்கட்டுரைக்கு வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் கூறலாம். நகரை இன்றைய இடத்தில் வைப்பினும், ஆற்றின் கீழ்ப்போக்கில் கீழடிப் பக்கத்தில் வைப்பினும், தென்கரை வழியே ஆற்றின் எதிராக மேற்கே செல்பவள் கோச்சடை நிலத்தைக் கடந்தே செல்லவேண்டும். தெருக்களின் இடம் மாறலாம். ஆறு ஓடும் திசை மாறவில்லை. நீர் அரிதாகி மணலும் கருவேலும் காணப்படும் நாட்களிலும் வையையின் சரிவு மேற்கிலிருந்து கிழக்காகவே உள்ளது.

மறுவாரம் இவற்றை வகுப்பில் கூறினேன். கோச்சடை மாணவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறிதொருவர் எழுந்து, ‘ஐயா, நான்காம் அலகு இந்தத் தேர்வுக்கு உண்டா?’ என்று வினவினார். இல்லை என்றேன். பேனாக்கள் பல கீழே வைக்கப்பட்டன. அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவ்வாரத்தில் அவர்கட்கு வேறு நான்கு தாள்கள் இருந்தன.

இடைப்பருவத் தேர்வில், முன்னரே அச்சிட்டு வைத்த வினா ‘ஊர்காண் காதையில் கோவலன் கண்ட வீதிகளை விளக்குக’ என்பது. மதிப்பெண் பத்து; வீதிக்கு இத்துணை என்பது விடைக்குறிப்பின் அமைப்பு. கோச்சடை மாணவர் மூன்று வீதிகளையே எழுதியிருந்தார். எஞ்சிய ஒரு பக்கம் முழுவதும், கோவலன் புகுந்த வாயில் எத்திசையது என்பதனையும், அவ்வாயிலைக் கண்ணகி பின்னர் நினைந்து கூறுவதனையும் எழுதி, தம் வீட்டின் பின்புறத்திலிருந்து ஆற்றங்கரை வழியே மேற்கே ஒரு நாழிகை நடந்து பார்த்ததாகவும் கரையில் மேடுபள்ளம் இன்றும் மிகுதி என்றும் முடித்திருந்தார். விடைக்குறிப்பின்படி அவர்க்கு உரியவை ஐந்து மதிப்பெண்கள். ஐந்தே இட்டேன், வேறு செய்யின் ஏனைய மாணவர்க்கு நடுவுநிலை தவறியவனாவேன். நகர் இலக்கியத் தாளில் புறஞ்சேரி இறுத்த காதையையும் கட்டுரை காதையையும் ஒரே அலகில் வைத்தல் வேண்டும் என்றும், இடஞ்சுட்டும் வினாக்களில் ஒன்றேனும் நூலிடத்தோடு நிலத்திடத்தையும் கேட்டல் வேண்டும் என்றும் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதி அனுப்பியுள்ளேன்.